கரிசல் சீமையில் வரி வாங்கிய கவிஞர்

சிவகாசி என்றால் பட்டாசு நினைவுக்கு வரும். சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரிக்காயும் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோவில் கோபுரம் கண் முன் நிற்கும். விருதுநகர் என்றால் காமராஜரின் முகம் தெரியும்.

சுமார் 240 ஆண்டுகளுக்கு முன்பு, இந்த ஊர்களின் நிலவரியை எல்லாம் வாங்கும் பொறுப்பு ஒரு கவிஞரிடம் இருந்தது!

அவர் தமிழ்க் கவிஞர் அல்ல. ஆங்கிலக் கவிஞர். பரங்கிமலையைப் பற்றி ஆங்கிலத்தில் பாட்டு எழுதி, லண்டனில் புத்தகமாகப் போட்டவர். கவர்னரைக் கைது செய்தவர்களுக்குத் துணை போக மறுத்து, வேலையை இழந்தவர். நியாயம் கேட்பதற்காகக் கடலையும் பாலைவனத்தையும் கடந்தவர்.

அவர் பெயர் எய்ல்ஸ் இர்வின். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பலர் அறிந்த பெயர் அது. இன்று அவருடைய பாட்டைப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் அவருடைய வாழ்க்கை, ஒரு கதையைப் போலச் சுவையானது.

கல்கத்தாவில் பிறந்தவர்

இர்வின் 1751-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்தது.

கல்கத்தாவுக்கும் சிவகாசிக்கும் பிற்காலத்தில் ஒரு தொடர்பு ஏற்பட்டது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளப் போன ஊர் கல்கத்தாதான். அவர்கள் திரும்பி வந்து, 1923-ம் ஆண்டில் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். அதற்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவில் பிறந்த இந்தப் பிள்ளை, பின்னாளில் சிவகாசிப் பக்கத்துக்கு அதிகாரியாக வரப் போகிறான் என்று யாருக்குத் தெரியும்?

இளம் வயதிலேயே இர்வினை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். லண்டனுக்கு அருகில் உள்ள சிஸ்விக் என்ற ஊரில் அவர் படித்தார். படிக்கும்போதே அவருக்குப் பாட்டில் ஆசை வந்துவிட்டது.

ஆனால் பாட்டு சோறு போடுமா? 1766-ம் ஆண்டில் கிழக்கு இந்தியக் கும்பெனியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 15.

கும்பெனி என்பது முதலில் வியாபாரம் செய்ய வந்த கூட்டம். மிளகும் துணியும் வாங்கி விற்க வந்தவர்கள், கோட்டை கட்டினார்கள், படை திரட்டினார்கள், பிறகு நாட்டையே ஆளத் தொடங்கினார்கள். அந்தக் கும்பெனியில் சேரும் இளைஞர்களுக்கு முதலில் 'ரைட்டர்' வேலை கொடுப்பார்கள். கணக்கு எழுதுவது, கடிதம் எழுதுவது, சரக்கைச் சரி பார்ப்பது ஆகியவை அந்த வேலை.

அந்த நாளில் விமானம் இல்லை. சூயஸ் கால்வாயும் இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் கப்பல் வர வேண்டும். பயணம் பல மாதங்கள் நீளும். அப்படிப் பயணம் செய்து, இர்வின் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

பரங்கிமலைப் பாட்டு

சென்னையில் இர்வின் படிப்படியாக உயர்ந்தார். 1771-ம் ஆண்டில், சென்னையில் கும்பெனிக்குச் சொந்தமான நிலங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

பகலில் நிலக் கணக்கு. ஓய்வு நேரத்தில் பாட்டு. இப்படி அவருடைய நாட்கள் ஓடின.

சென்னைக்கு அருகில் பரங்கிமலை இருக்கிறது அல்லவா? வெள்ளைக்காரர்கள் அதைப் புனித தோமையார் மலை என்று அழைப்பார்கள். கோட்டைக்குள் புழுக்கம் தாங்க முடியாதபோது, கும்பெனி அதிகாரிகள் அந்த மலைப் பக்கம் போய்த் தங்குவார்கள். அங்கே அவர்களுக்குத் தோட்ட வீடுகள் இருந்தன.

அந்த மலையையும், அதைச் சுற்றியுள்ள காட்சிகளையும் இர்வின் ஒரு நீண்ட பாட்டாக எழுதினார். 1774-ம் ஆண்டில் அது லண்டனில் புத்தகமாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1776-ல் இன்னொரு பாட்டுப் புத்தகம் வந்தது. அதற்குப் 'பெதுகா' என்று பெயர். கணவனை இழந்த இந்தியப் பெண் ஒருத்தி உடன்கட்டை ஏறும் துயரத்தைச் சொல்வது அது. உடன்கட்டையைத் தடுக்கும் சட்டம் 1829-ம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு 53 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் கொடுமை ஓர் இளைஞனின் பாட்டுக்குப் பொருளாகிவிட்டது.

அதே காலத்துக் கவிஞர்கள்

இர்வின் எழுதிய காலம், ஆங்கிலப் பாட்டு மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்த காலம். அதுவரை பெரிய மனிதர்களும், பெரிய படிப்புப் படித்தவர்களுமே பெரும்பாலும் பாட்டு எழுதினார்கள். இப்போது சாமானிய மக்களும் எழுதத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் பிலிஸ் வீட்லி என்று ஒரு பெண் இருந்தாள். ஆப்பிரிக்காவில் பிறந்தவள். சிறு பெண்ணாக இருந்தபோதே அவளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, பாஸ்டன் நகரில் அடிமையாக விற்றுவிட்டார்கள். வாங்கிய வீட்டில் அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அவள் பாட்டு எழுதினாள். 1773-ம் ஆண்டில் அவளுடைய புத்தகம் லண்டனில் அச்சாயிற்று. அந்த நாட்டின் கறுப்பு மக்களில், பாட்டுப் புத்தகம் வெளியிட்ட முதல் ஆள் அவள்தான்.

ஸ்காட்லாந்தில் ராபர்ட் பர்ன்ஸ் என்ற விவசாயி இருந்தார். ஏர் பிடித்த கையால் பாட்டு எழுதினார். 1786-ம் ஆண்டில் அவருடைய புத்தகம் வந்தது. விவசாயத்தில் வயிறு நிறையவில்லை. அதனால் 1789-ம் ஆண்டில் அவரும் வரி வாங்கும் உத்தியோகத்துக்குப் போனார்!

லண்டனில் வில்லியம் பிளேக் என்பவர் இருந்தார். செம்புத் தகட்டில் பாட்டையும் படத்தையும் தாமே செதுக்குவார். தாமே அச்சிடுவார். தாமே வண்ணம் பூசுவார். அவருடைய பாட்டுப் புத்தகம் ஒன்று அப்படித்தான் 1789-ல் வெளிவந்தது. அச்சுத் தொழிலை நன்கு அறிந்த சிவகாசி மக்களுக்கு, அந்த உழைப்பின் அருமை தெரியும்.

இந்த மூவருக்கும் கிடைத்த புகழ் இர்வினுக்கு நிலைக்கவில்லை. ஆனால் அவர்கள் மூவரும் காணாத ஒன்றை இர்வின் கண்டார். அது தமிழ்நாடு.

கவர்னர் கைது!

1776-ம் ஆண்டு சென்னையில் ஒரு பெரிய குழப்பம் நடந்தது. அது இர்வினின் வாழ்க்கையையே மாற்றியது.

அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் பிகட் பிரபு. தஞ்சாவூர் ராஜ்யத்தை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி பிடித்து வைத்திருந்தார். அதை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கும்படி, லண்டனில் இருந்த கும்பெனி டைரக்டர்கள் உத்தரவு போட்டார்கள். பிகட் பிரபு அப்படியே செய்தார். 1776-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தஞ்சை மன்னர் மீண்டும் அரசு பெற்றார்.

இது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஏன்?

நவாப் கடனில் மூழ்கி இருந்தார். கடன் கொடுத்தவர்களில் பலர் கும்பெனியின் அதிகாரிகளே! அவர்களில் பால் பென்பீல்டு என்பவர் முக்கியமானவர். அவருடைய சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுன். ஆனால் தமக்குச் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பவுன் வர வேண்டும் என்று அவர் கேட்டார்! அதில் பெரும்பகுதியைத் தஞ்சாவூரின் விளைச்சலில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தஞ்சை உழவன் விளைவித்த நெல், ஒரு கும்பெனி அதிகாரியின் வட்டிக்குப் போக வேண்டும் என்பது அதன் பொருள்.

பிகட் பிரபு மறுத்தார். கவுன்சில் இரண்டாகப் பிளந்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் கவர்னருக்கு எதிராகத் திரும்பினார்கள்.

1776-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி மாலை. கவர்னர் கோட்டையில் இருந்து தமது தோட்ட மாளிகைக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கர்னல் ஸ்டூவர்ட். கவர்னரின் நண்பர் போலப் பழகியவர். அன்று அவருடன் ஒன்றாகச் சாப்பிட்டவர். இரவுச் சாப்பாட்டுக்கும் கவர்னர் அவரை அழைத்திருந்தார்.

வழியில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். கவர்னரைக் கீழே இறங்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த நண்பர்தான் அந்தச் சதியை நடத்தியவர்!

கவர்னரை அன்று இரவே ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். எந்த இடம் தெரியுமா? பரங்கிமலை. இர்வின் பாட்டாக எழுதிய அதே மலை!

ஒரு கையெழுத்து

ஜார்ஜ் ஸ்டிராட்டன் என்பவர் தலைமையில் புதிய ஆட்சி ஏற்பட்டது. அதிகாரிகள் எல்லாரும் புதிய ஆட்சியை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒப்புக்கொண்டால் உத்தியோகம் நிலைக்கும், உயர்வும் கிடைக்கும். எதிர்த்தால் எல்லாம் போகும்.

பலர் வாயை மூடிக்கொண்டார்கள். குடும்பத்தை நினைத்தார்கள். கையில் இருக்கும் வேலையை நினைத்தார்கள்.

இர்வினுக்கு வயது 25. பெரிய பதவி இல்லை. பக்கபலம் இல்லை. ஆனாலும் அவர் தலை வணங்கவில்லை. கவர்னரைப் பலாத்காரமாக நீக்கியது தவறு என்று எழுதிய கண்டனத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு கையெழுத்துக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. புதிய ஆட்சியாளர்கள் அவரை வேலையில் இருந்து நீக்கினார்கள். பத்து ஆண்டு உத்தியோகம் ஒரே நாளில் போயிற்று.

சென்னையில் நியாயம் கிடைக்காது என்று அவர் தெரிந்துகொண்டார். லண்டனுக்கே போய், டைரக்டர்களிடம் நேரில் முறையிடத் தீர்மானித்தார். 1777-ம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார்.

காவலில் இருந்த பிகட் பிரபுவின் உடல்நிலை கெட்டது. அதே ஆண்டு மே மாதம் 11-ந் தேதி அவர் இறந்து போனார். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தும்படி லண்டன் டைரக்டர்கள் உத்தரவிட்டிருந்தார்கள். அந்த உத்தரவு சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. சதி செய்தவர்களில் நாலு பேர் மீது பின்னர் லண்டனில் வழக்கு நடந்தது. ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம் விதித்தார்கள். அவ்வளவுதான் தண்டனை!

செங்கடலில் சிக்கினார்

இர்வின் வழக்கமான வழியில் போகவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் காலம் ஆகும். அதனால் செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பா போகலாம் என்று நினைத்தார். தூரம் குறைவு. ஆனால் ஆபத்து அதிகம்.

அவர் போன கப்பல், காற்றின் கொடுமையால் வழி தவறி, அரேபியக் கரையில் உள்ள யான்பு என்ற துறைமுகத்தில் ஒதுங்கியது. அந்தப் பகுதிக்கு ஐரோப்பியர்கள் வரக்கூடாது என்பது அந்த நாட்டின் கட்டுப்பாடு. அங்கிருந்த அதிகாரி அவர்களைப் பிடித்துக்கொண்டார். பல நாட்கள் அவர்கள் கைதிகளைப் போலவே இருந்தார்கள்.

விடுதலை கிடைத்ததும் ஒரு சிறு படகில் புறப்பட்டார்கள். சூயஸ் போக வேண்டிய படகு, எகிப்தின் தென் பகுதியில் உள்ள குசேர் என்ற ஊரில் போய் நின்றது. அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து, நைல் நதிக் கரையில் உள்ள கேனா என்ற ஊரை அடைந்தார்கள். அங்கேயும் துன்பம் விடவில்லை. ஊர்க்காரர்கள் சிலர் அவர்களைத் தடுத்து வைத்து, கையில் இருந்ததைப் பறித்துக்கொண்டார்கள்.

அப்போது அந்தப் பக்கத்து அரபுத் தலைவர் ஒருவர் வந்தார். வயது முதிர்ந்தவர். நடந்ததை எல்லாம் விசாரித்தார். அந்நியர் என்று பார்க்காமல் நியாயம் வழங்கினார். சொந்த இனத்தாரிடம் கிடைக்காத நீதி, மொழி தெரியாத நாட்டில் ஒரு பெரியவரிடம் இர்வினுக்குக் கிடைத்தது!

பிறகு பாலைவன வழியாகக் கெய்ரோ போய், மத்திய தரைக் கடலைக் கடந்து, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பயணத்தை ஒரு பெண்மணிக்கு எழுதும் கடிதங்களைப் போல அவர் எழுதினார். 1780-ம் ஆண்டில் அது பெரிய புத்தகமாக வெளிவந்தது. நல்ல வரவேற்புப் பெற்றது, மறுபதிப்புகளும் வந்தன. அரேபியாவிலும் எகிப்திலும் அலைந்தபோதே எழுதிய பாட்டுகளும் அதே ஆண்டில் தனிப் புத்தகமாக வந்தன. அவற்றில் ஒன்றின் தலைவன், ராமா என்ற பெயருள்ள ஓர் இந்தியப் பிராமணன்.

வேலை போகாமல் இருந்தால் அவர் இந்தப் பயணத்தைச் செய்திருக்க மாட்டார். பயணம் செய்யாமல் இருந்தால் இந்தப் புகழ் வந்திருக்காது. கெட்டதிலும் ஒரு நல்லது!

மீண்டும் சென்னை

கும்பெனி டைரக்டர்கள் இர்வினை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். 1778-ம் ஆண்டில் அவருக்குக் கலியாணம் நடந்தது. மனைவியின் பெயர் ஹானர். அயர்லாந்தில் ஒரு பாதிரியாரின் மகள்.

1780-ல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். இந்தத் தடவையும் தரை வழிதான். வெனிஸ் நகரில் கப்பல் ஏறி, சிரியா நாட்டில் இறங்கி, அலெப்போ, பாக்தாத், பாஸ்ரா என்று பாலைவன நகரங்களைக் கடந்து 1781-ல் வந்து சேர்ந்தார்.

அப்போது தமிழ்நாடு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. 1780-ம் ஆண்டில் மைசூர் ஹைதர் அலி பெரும் படையோடு கீழே இறங்கினார். ஊர்கள் எரிந்தன. பயிர்கள் அழிந்தன. மக்கள் பசியால் செத்தார்கள். சென்னைக் கஜானாவில் பணம் இல்லை.

படை நடத்தப் பணம் வேண்டும். எனவே 1781-ம் ஆண்டு டிசம்பர் மாதம், கவர்னர் மெக்கார்ட்னி பிரபு நவாப்புடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். ஐந்து ஆண்டு காலத்துக்கு நவாப்பின் சீமைகளில் வரி வாங்கும் உரிமை கும்பெனிக்கு வந்தது. வசூலில் ஆறில் ஒரு பங்கு நவாப்புக்கு. மீதி எல்லாம் போர்ச் செலவுக்கு.

இதைக் கவனிக்க ஒரு கமிட்டி அமைத்தார்கள். அதில் இர்வினும் ஓர் உறுப்பினர் ஆனார். 1783-ம் ஆண்டில், திருநெல்வேலி, மதுரைச் சீமைகளுக்கு வரி மேலதிகாரியாக அவரை அனுப்பினார்கள்.

கரிசல் மண்ணும் பாளையங்களும்

அந்த நாளில் விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று இல்லை. அது 1985-ம் ஆண்டில் ஏற்பட்டது. விருதுநகருக்குப் பழைய பெயர் விருதுபட்டி. 1923-ல்தான் பெயர் மாறியது. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்கள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தன. வடக்கே இருந்தது மதுரைச் சீமை. இரண்டும் இர்வினின் பொறுப்பில் வந்தன.

பட்டாசு ஆலைகள் இல்லாத காலம் அது. அச்சகங்கள் இல்லை. இருந்தது கரிசல் மண். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். மழை பொய்த்தால் வெடித்த நிலமும் வறண்ட கண்மாயும்தான். ஆனால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரி கேட்க ஆள் வருவான்.

திருநெல்வேலிச் சீமையில் பல பாளையங்கள் இருந்தன. ஏழாயிரம்பண்ணை, சேத்தூர், கொல்லங்கொண்டான் ஆகியவை இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள பழைய பாளையங்கள். தெற்கே பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும், மேற்கே சிவகிரி. ஒவ்வொரு பாளையக்காரருக்கும் ஒரு கோட்டை, கொஞ்சம் படை, காவல் உரிமை. வெள்ளைக்காரனுக்கு எதற்காகக் கப்பம் கட்ட வேண்டும் என்று அவர்களில் பலர் கேட்டார்கள்.

இர்வினின் காலத்திலேயே ஒரு பெரிய போர் நடந்தது. 1783-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கர்னல் புல்லர்ட்டன் பீரங்கிகளோடு பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அப்போது ஆண்டவர், வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்திய கட்டபொம்மு. வீரபாண்டியன் அந்த நாளில் 23 வயது இளைஞன்.

கோட்டைக்குள் இருந்தவர்கள் கடுமையாகப் போரிட்டார்கள். இரு பக்கமும் பலர் மடிந்தார்கள். கடைசியில் கட்டபொம்மு தப்பிப் போனார். கோட்டை விழுந்தது. உள்ளே, டச்சுக்காரர்களுடன் அவர் செய்துகொண்டிருந்த ஒப்பந்தம் ஒன்று அகப்பட்டது. அடுத்து சிவகிரி மீது படை போயிற்று. மலையடிவாரக் காட்டுக்குள்ளும் சண்டை நடந்தது.

சண்டை போடுவது புல்லர்ட்டனின் வேலை. சண்டை முடிந்த பிறகு சீமையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இர்வினின் வேலை. பீரங்கியைக் காட்டுவதைவிட, பாளையக்காரர்களோடு பேசித் தீர்ப்பதே நல்லது என்ற வழியில் அவர் நடந்துகொண்டார். மற்ற கும்பெனி அதிகாரிகளோடு ஒப்பிட்டால் அவர் மென்மையானவர் என்றே வரலாறு எழுதியவர்கள் கருதினார்கள்.

பாட்டும் வரியும்

இர்வின் நல்ல மனிதர். ஆனால் அவர் வாங்கிய வரி எங்கே போயிற்று?

புல்லர்ட்டனின் படைக்குப் போயிற்று. சிப்பாயின் சம்பளத்துக்கும் பீரங்கி மருந்துக்கும் போயிற்று. கரிசல் காட்டு உழவன் கொடுத்த காசு, அவன் நாட்டைப் பிடிக்க வந்த படைக்கே உதவியது. வரி வாங்கியவர் கவிஞர் என்பதால் உழவனின் சுமை குறைந்துவிடாது.

தஞ்சாவூர் விளைச்சலில் கை வைத்த பென்பீல்டின் கூட்டத்தாரை எதிர்த்து நின்றவர் இர்வின். அங்கே அநியாயம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கும்பெனி இந்த நாட்டில் வரி வாங்குவதே நியாயமா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. அந்தக் கேள்வியை வாளால் எழுப்பியவர்கள் பாளையக்காரர்கள். 1799-ம் ஆண்டில் கயத்தாற்றில் தூக்கு மேடை ஏறிய வீரபாண்டிய கட்டபொம்மன் அதற்கு உயிரையே கொடுத்தார்.

இந்த நாட்களிலும் இர்வின் பாட்டு எழுதுவதை விடவில்லை. ஹைதர் அலி 1782-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி இறந்தார். கும்பெனியை நடுங்க வைத்த அந்த எதிரியின் மரணத்தைப் பற்றி இர்வின் ஒரு பாட்டு எழுதினார். அது 1784-ல் வெளிவந்தது.

1785-ம் ஆண்டில் வரி உரிமை மறுபடியும் நவாப்புக்கே போயிற்று. இர்வினின் வேலை முடிந்தது. உடல்நலமும் கெட்டிருந்தது. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அத்தோடு அறுந்தது.

சீனாவில் சதுரங்கம்

1792-ம் ஆண்டில் கும்பெனி அவரை மீண்டும் அழைத்தது. இந்தத் தடவை சீனாவுக்கு!

சீனச் சக்கரவர்த்தியிடம் இங்கிலாந்து அரசர் ஒரு தூதரை அனுப்பினார். அந்தத் தூதர் வேறு யாரும் அல்ல. முன்பு சென்னையில் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபுதான். அவர் வரப்போவதை முன்கூட்டியே அறிவிப்பதற்காக மூன்று பேர் காண்டன் நகருக்குப் போனார்கள். மூவரில் ஒருவர் இர்வின்.

காண்டனில் சீனர்கள் சதுரங்கம் ஆடுவதை அவர் பார்த்தார். காய்களும் கட்டங்களும் ஐரோப்பிய ஆட்டத்தில் இருந்து மாறி இருந்தன. பலகையின் நடுவே ஓர் ஆறு! சீனத் தளபதி ஒருவர், குளிர்காலத்தில் சும்மா இருந்த படைவீரர்களின் சோர்வைப் போக்க இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று அங்கே ஒரு கதை சொன்னார்கள். இர்வின் அதை எழுதி, 1793-ம் ஆண்டில் அயர்லாந்தின் அறிஞர் சங்கத்துக்கு அனுப்பினார். சதுரங்கம் சீனாவில் பிறந்தது என்றே அவர் நம்பினார். ஆனால் அது இந்தியாவில் பிறந்தது என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இந்தியாவில் பிறந்தவர், இந்தியாவில் பிறந்த ஆட்டத்தைச் சீனாவுக்குக் கொடுத்துவிட்டார்!

கடைசி நாட்கள்

1798-ம் ஆண்டில் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தார். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துவிடுவாரோ என்று இங்கிலாந்து பயந்தது. அந்தப் பாலைவனத்தையும் செங்கடலையும் நேரில் கண்டவர் இர்வின். அந்தப் படையெடுப்பு நடக்கக்கூடியதுதானா என்று ஆராய்ந்து அவர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். நைல் நதி முகத்தில் நெல்சன் பெற்ற வெற்றியைப் பற்றிப் பாட்டும் எழுதினார். 1802-ல் அவருடைய நாடகம் ஒன்று டப்ளின் நகரில் நடந்தது. பாலைவன அரபு மக்களைப் பற்றிய வேடிக்கை நாடகம் அது.

1817-ம் ஆண்டில், பிரிஸ்டல் நகருக்கு அருகில் உள்ள கிளிப்டன் என்ற ஊரில் எய்ல்ஸ் இர்வின் காலமானார்.

அவருடைய பாட்டுகள் இன்று பெரிய நூல் நிலையங்களில் தூங்குகின்றன. அவர் வரி வாங்கிய கரிசல் காட்டில் தீப்பெட்டி ஆலைகளும் பட்டாசு ஆலைகளும் எழுந்துவிட்டன. பரங்கிமலை அடிவாரத்தில் ரயிலும் மெட்ரோ ரயிலும் ஓடுகின்றன. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கு நினைவுக் கோட்டை நிற்கிறது.

இர்வினின் பெயரைச் சொல்ல இங்கே ஒரு கல் கூட இல்லை. ஆனாலும், 25 வயதில், உத்தியோகம் போகும் என்று தெரிந்தும், அநியாயத்துக்கு எதிராக அவர் போட்ட கையெழுத்து ஒன்று உண்டு. அவர் எழுதிய எல்லாப் பாட்டுகளையும்விட அந்த ஒரு வரியே பெரியது.